கெடு தாண்டிய காமிரா

சில மாதங்களுக்கு முன் நமது தகப்பனாரின் சதாபிஷேகம் நமது இல்லத்தில் நடைபெற்றது. பந்துக்களும் நண்பர்களும் பல ஊர்களிலிருந்து வந்திருந்தனர். எண்பது வயது நிரம்பிய முதியவரும் அவருடைய தர்மபத்தினியாரும் மணையில் அமர்ந்திருக்க, பேரன் பேத்திகள் கலச தீர்த்தத்தை அவர்கள் சிரசில் வார்க்கும் வேளையில், அக்காட்சியைப் படம் எடுத்து வைக்க வேண்டுமென்று நாம் நமது டிஜிட்டல் காமிராவைக் கையில் எடுத்தோம். பொத்தானை அழுத்தினோம். லென்ஸ் பாதி வெளியே வந்தது, கறகறவென்று ஒரு சப்தம் கேட்டது, அவ்வளவுதான். காமிராவை அணைத்து மறுபடியும் போடும்படி திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. பத்து முறை அணைத்தோம்; பத்து முறை போட்டோம். பயனில்லை. உறவினர் ஒருவர் தமது கைப்பேசியால் எடுத்த இரண்டொரு படங்களே இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன.

ஒரு காமிரா கெட்டதைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதா என்று நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். நமது வீட்டுக் கஷ்டம் மட்டுமே விஷயமாயிருந்தால் நாம் பேனாவைத் தொட்டிருக்க மாட்டோம். பிறகு நடந்தவற்றைக் கேட்டால், இது காமிராவின் விஷயமன்று, நியாயத்தின் விஷயம் என்பதை நேயர்களே ஒப்புக்கொள்வார்கள்.

மறுவாரம் அந்தக் கம்பெனியின் பழுது பார்க்கும் நிலையத்திற்குச் சென்றோம். அங்கிருந்த குமாஸ்தா மரியாதையுள்ள வாலிபர். ரசீதை வாங்கிப் பார்த்தார், கணக்கிட்டார். "வாரண்டி முடிந்து இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது, ஸார்" என்றார். லென்ஸ் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், அதற்கு 21,400 ரூபாய் ஆகும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாம் காமிராவை வாங்கிய விலை 38,000 ரூபாய். 365 நாள் நன்றாக உழைத்த யந்திரத்திற்கு 388-ஆம் நாள் அதன் விலையில் பாதிக்கு மேல் செலவிட வேண்டும்! பிழை யாருடையது என்று கேட்டோம். அந்தக் கேள்விக்குத் தம்மிடம் விடையில்லை என்றும், கெடு முடிந்துவிட்டதால் கேள்வியே எழவில்லை என்றும் அவர் சொன்னார்.

நமக்குப் பக்கத்தில் மற்றொரு வாலிபர் நின்றுகொண்டிருந்தார். கலியாணங்களுக்குப் படம் எடுத்து ஜீவனம் செய்பவர். மாதத் தவணையில் கடன் வாங்கி வாங்கிய காமிரா. தவணை இன்னும் முடியவில்லை. வாரண்டி மட்டும் முடிந்துவிட்டது. ஷட்டர் வேலை செய்யவில்லை. பழுது பார்க்கும் தொகையைக் கேட்டதும் அவர் ஒரு வார்த்தையும் எதிர்த்துச் சொல்லவில்லை. "கெடு தாண்டிவிட்டதாம், ஸார். நம் தலையெழுத்து" என்று நம்மிடம் சொல்லிவிட்டுக் காமிராவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நமது காமிரா கெட்டதைக் காட்டிலும் அந்த வார்த்தைதான் நம்மை அதிகமாக வருத்திற்று. சட்டம் தமக்குக் கொடுத்திருப்பது இன்னதென்று அறியாமல், கம்பெனி எழுதிய கெடுவையே விதியின் எழுத்தாக எண்ணிப் போகிறாரே என்று நினைத்தோம்.

இவ்விஷயத்தில் ஜனங்களிடையே ஓர் அபிப்பிராயம் பரவியிருக்கிறது. வாரண்டி முடிந்த மறுநாளே கெட்டுப்போகும்படி கம்பெனிகள் யந்திரத்தைச் செய்கின்றன என்பதே அது. இதை முற்றிலும் நம்புவதும் தவறு. முற்றிலும் தள்ளுவதும் தவறு. யந்திர சாஸ்திரிகள் ஒரு கோடு வரைந்து காட்டுவதுண்டு. புதிய யந்திரங்களில் உற்பத்திப் பிழையுள்ளவை முதற் சில மாதங்களிலேயே கெட்டுவிடும். அதன் பின் நெடுங்காலம் பழுதுகள் குறைவாக இருக்கும். தேய்மானம் வந்த பின் மறுபடியும் பெருகும். குளிக்கும் தொட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும் அந்தக் கோடு. கெடுவை இந்தத் தொட்டியின் அடித்தளத்தில் எங்கே வைப்பது என்பதைத் தயாரிப்பவரே தீர்மானிக்கிறார். எத்தனை காமிராக்கள் திரும்பி வரும், அதற்கு என்ன செலவாகும் என்பது அவருடைய கணக்குப் புஸ்தகத்தில் இருக்கிறது. வாங்குகிறவரிடம் அந்தக் கணக்கு இல்லை. ஆகவே சதி இல்லாவிட்டாலும் சமத்துவமும் இல்லை.

சதியே நடந்த காலமும் உண்டு. 1924-ஆம் ஆண்டு ஜினீவா நகரில் உலகத்தின் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. விளக்கு 1,000 மணி நேரத்திற்கு மேல் எரியக்கூடாது என்று நிர்ணயித்து, அதிக காலம் எரியும் விளக்கைச் செய்த கம்பெனிக்கு அபராதமும் விதித்தன. நன்றாகச் செய்ததற்கு அபராதம்! இந்தச் சரித்திரத்தை அறிந்தவர்கள் சந்தேகப்படுவதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நமது காமிராவும் அவ்வாறே செய்யப்பட்டது என்று ருசுவில்லாமல் சொல்வது வக்கீலுக்கும் அழகன்று, பத்திரிகாசிரியருக்கும் அழகன்று.

ருசுவுள்ள சங்கதிகளையே சொல்வோம். 2002 முதல் 2004 வரையிலான காலத்தில் ஸோனி கம்பெனி தயாரித்த, ஒளியைப் படமாக மாற்றும் சில சில்லுகளில் ஒரு குறை இருந்தது. உஷ்ணமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் அவற்றின் உள்ளேயிருக்கும் நுண்ணிய கம்பி இணைப்புகள் விட்டுப்போயின. படம் நிறம் மாறி நெளிந்து தோன்றிற்று. அல்லது திரை முழுவதும் கறுத்துவிட்டது. அந்தச் சில்லுகளை ஸோனி மட்டுமன்றி, கானன், நிக்கான், ஃபூஜி, கோனிகா மினோல்டா முதலிய கம்பெனிகளும் தங்கள் காமிராக்களில் வைத்திருந்தன. காமிராக்கள் கெடத் தொடங்கியபோது பலருக்கு வாரண்டி முடிந்துவிட்டிருந்தது. கையில் வைத்திருந்தவர் தாமே கெடுத்துவிட்டதாகவோ காலம் வந்துவிட்டதாகவோ எண்ணினார். 2005-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குறை சில்லிலேயே இருக்கிறது என்று கம்பெனிகள் ஒப்புக்கொண்டு, வாரண்டி முடிந்திருந்தாலும் குறிப்பிட்ட காமிராக்களை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தன. உஷ்ணமும் ஈரமும் நமது கடற்கரை ஜில்லாக்களில் ஆண்டில் எத்தனை மாதம் இருக்கின்றன என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று, 2012-ஆம் ஆண்டில் நிக்கான் கம்பெனி வெளியிட்ட டி600 என்னும் காமிரா. அதன் படங்களில் கரும்புள்ளிகள் விழுகின்றன என்று வாங்கியவர்கள் பல தேசங்களிலிருந்து முறையிட்டார்கள். 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வாரண்டி முடிந்திருந்தாலும் காமிராவை இலவசமாகப் பரிசோதித்துச் சுத்தம் செய்து, ஷட்டர் முதலிய உறுப்புகளை மாற்றித் தருவதாகக் கம்பெனி தெரிவித்தது. அடுத்த மாதம் சீன தேசத்துத் தொலைக்காட்சியில் இவ்விஷயம் வெளியாகவே, ஷாங்காய் நகர அதிகாரிகள் அக்காமிராவின் விற்பனையை நிறுத்தும்படி உத்தரவிட்டனர்.

இவ்விரண்டு சங்கதிகளிலிருந்தும் நாம் அறிவது என்ன? குறை பிறந்த நாள் வேறு, அது வெளிப்பட்ட நாள் வேறு. தொழிற்சாலையிலேயே பிறந்துவிட்ட குறை, கெடு முடிந்த பிறகு வெளிப்பட்டது என்பதனால் வாங்கினவருடைய குறையாகிவிடாது. கம்பெனிகள் இதை ஒப்புக்கொண்டன. ஆனால் தாமாகவே முதல் நாளில் ஒப்புக்கொள்ளவில்லை. பலர் முறையிட்ட பிறகே ஒப்புக்கொண்டன. அழுத பிள்ளைதான் பால் குடித்தது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். வாரண்டிச் சீட்டு என்பது கம்பெனி தானாக முன்வந்து கொடுக்கும் வாக்குறுதி. அது முடிந்ததென்றால் அந்த வாக்குறுதி முடிந்தது; சட்டம் முடிந்துவிடவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, ஒரு சரக்கை வழக்கமாக விற்கும் வியாபாரியிடம் அச்சரக்கை இன்னதென்று கூறி வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரமுள்ளதாயிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது என்று சொல்லுகிறது. அந்த நிபந்தனைக்கு ஓராண்டுக் கெடு என்று அப்பிரிவில் எங்கும் இல்லை. வெளிப்படையான உடன்படிக்கையால் அதை விலக்கலாம் என்று அதே சட்டம் இடங்கொடுக்கிறது என்பது மெய்யே. ஆகையால்தான் வாரண்டிச் சீட்டின் பின்புறத்தில் எறும்பு போன்ற எழுத்துக்களில் அச்சிட்டிருப்பதை வாசிக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம்.

1986-ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக வந்து, 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி செல்லுகிறது. சட்டத்தாலோ, வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தத்தாலோ, வியாபாரியே சொல்லிக்கொள்வதாலோ சரக்கிடம் இருக்கவேண்டிய தரத்தில் காணப்படும் எந்தக் குறையையும் அது குறையென்றே கொள்ளுகிறது. நுகர்வோருக்கு அநியாயமான ஒப்பந்த ஷரத்துக்களைச் செல்லாதவை என்று தள்ளும் அதிகாரத்தை மாநிலக் கமிஷனுக்கும் தேசியக் கமிஷனுக்கும் கொடுத்திருக்கிறது. வியாபாரத்திற்காக வாங்கியவர் இச்சட்டத்தின்படி நுகர்வோராக மாட்டார். எனினும் சுயதொழிலால் ஜீவனம் செய்வதற்கென்றே வாங்கி, தாமே உபயோகிப்பவருக்கு விலக்கு உண்டு. நாம் சந்தித்த படமெடுக்கும் வாலிபர் அந்த விலக்கைக் கோரத் தக்கவர்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. கெடு தாண்டியபின் கெட்ட ஒவ்வொரு காமிராவுக்கும் கம்பெனி நஷ்ட ஈடு தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குறை உற்பத்தியிலேயே இருந்தது என்று காட்டவேண்டிய பொறுப்பு பெரும்பாலும் முறையிடுபவர் மேலேயே விழுகிறது. பரிசோதனையின்றித் தீர்மானிக்க முடியாத குறையாயிருந்தால், கமிஷன் சரக்கைத் தகுந்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவும் சட்டத்தில் வழியிருக்கிறது. காமிராவைக் கீழே போட்டவர்க்கும், கடல் மணலில் உருட்டியவர்க்கும், தண்ணீரில் நனைத்தவர்க்கும் நாம் பரிந்து பேசவில்லை.

ஆகவே காமிரா கெட்டால் செய்யவேண்டியது என்ன? முதலில் பாட்டரியையும் நினைவுக் கார்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும். காமிராவின் பிழையென்று நினைத்தது கார்டின் பிழையாக முடிவதுண்டு. ஆனால் காமிராவைத் தாமே திறக்கக்கூடாது. மின்வெட்டு விளக்குக்கென உள்ளே இருக்கும் கொண்மியில் சுமார் 300 வோல்ட் மின்சாரம் தேங்கியிருக்கும். பாட்டரியை எடுத்த பிறகும் அது தாக்கும். மேலும், திறந்து பார்த்தீர்கள், நீங்களே கெடுத்தீர்கள் என்று சொல்லக் கம்பெனிக்கு இடமாகும்.

இரண்டாவது, அதே மாதிரிக் காமிராவுக்குக் கம்பெனி ஏதேனும் இலவசப் பழுது அறிவிப்பு வெளியிட்டிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். நாம் மேலே சொன்ன அறிவிப்புகளைப் பற்றிக் கேள்விப்படாமலே பணம் கொடுத்தவர்களும் தூக்கி எறிந்தவர்களும் இருந்திருப்பார்கள். மூன்றாவது, பழுது நிலையத்தில் வாய்வார்த்தையோடு திரும்பக்கூடாது. எந்த உறுப்பு கெட்டது, ஏன் கெட்டது, அடிபட்ட அடையாளமோ நீர் புகுந்த அடையாளமோ உண்டா இல்லையா என்பதை எழுத்து மூலம் வாங்க வேண்டும். அந்தச் சீட்டே பின்னால் முதற் சாட்சி. நான்காவது, ரசீதின் நகலும் காமிராவின் எண்ணும் சேர்த்துக் கம்பெனியின் தலைமைக் காரியாலயத்திற்கு விரைவுத் தபாலில் எழுத வேண்டும். வசை வேண்டாம், சங்கதியும், கோரிக்கையும், பதிலுக்குத் தேதியும் இருந்தால் போதும்.

அதற்கும் அசையாவிட்டால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதன்மேல் ஜில்லா நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. கடை இருக்கும் ஊருக்கும் கம்பெனி இருக்கும் ஊருக்கும் அலைய வேண்டுவதில்லை. தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே பிராது கொடுக்கலாம். சரக்கின் கிரயம் 5 லட்ச ரூபாய் வரையில் கட்டணமில்லை. வக்கீல் இல்லாமல் தாமே பேசலாம். வக்கீலாகிய நாமே இதைச் சொல்லுகிறோம். வழக்குக்குக் காரணம் உண்டான நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிரதிவாதிக்கு நோட்டீஸ் கிடைத்து 3 மாதங்களில், பரிசோதனை வேண்டியிருந்தால் 5 மாதங்களில், தீர்மானிக்க முயலவேண்டுமென்று சட்டம் சொல்லுகிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுப்பதுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்ததும் இதுவே. அடிபட்ட அடையாளமோ நீர் புகுந்த அடையாளமோ இல்லையென்று நிலையத்தாரிடம் எழுதி வாங்கினோம். தலைமைக் காரியாலயத்திற்கு எழுதினோம். கெடு முடிந்தது குறித்து வருந்துகிறோம் என்று, யாருக்கும் எதற்கும் பொருந்தும்படி முன்னமே எழுதி வைத்த பதில் ஒன்று வந்தது. மறுபடியும் எழுதினோம். 13 மாதம் வீட்டில் உபயோகித்த காமிராவின் லென்ஸ் தானாகச் சிக்கிக்கொள்வது விற்பனைக்குத் தகுந்த தரந்தானா என்ற ஒரே கேள்வியைக் கேட்டோம். சட்டத்தின் பிரிவைக் குறித்தோம். 15 நாள் கெடு கொடுத்தோம். கெடு வைக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டுமா உண்டு? பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. உறுப்புகளுக்கு விலை வேண்டாம், கூலி 2,600 ரூபாய் மட்டும் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். கூலியும் கேட்டிருக்கக்கூடாது என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் ஒப்புக்கொண்டோம். 21,400 ரூபாய் கடைசிச் சொல் அல்ல என்பது மட்டும் நிச்சயமாயிற்று.

ஆனால் ஒவ்வொருவரும் வக்கீலாயிருக்க முடியுமா? ஆங்கிலத்தில் நோட்டீஸ் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு ஒரு நியாயம் என்றால் அது நியாயமாகுமா? ஆதலால் சட்டமே மாறவேண்டும். ஐரோப்பிய யூனியனின் 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி, சரக்கு கைக்கு வந்து 2 ஆண்டுகளுக்குள் வெளிப்படும் குறைக்கு விற்றவரே பொறுப்பாளி. முதல் ஓராண்டில் வெளிப்பட்டால், குறை ஆரம்பத்திலேயே இல்லையென்று ருசுப்படுத்த வேண்டியவரும் அவரே. அந்த ஓராண்டை இரண்டாக நீட்டிக்கொள்ளவும் தேசங்களுக்கு உரிமையுண்டு. யந்திரத்தின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதைப் பிரான்ஸ் தேசம் 2015-ஆம் ஆண்டிலேயே 2 ஆண்டுச் சிறைக்கும் 3 லட்சம் யூரோ அபராதத்திற்கும் உரிய குற்றமாக்கிற்று. நமது மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆலோசிக்க 2022-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு குழுவை நியமித்தது. ஆரம்பம் நல்லதே. ஆனால் ஆலோசனை சட்டத்தில் ஏற வேண்டும். விலையுயர்ந்த யந்திரங்களுக்குக் குறைந்தபட்சம் 2 ஆண்டுப் பொறுப்பு, அக்காலத்தில் ருசுப்படுத்தும் பாரம் விற்பவர்மேல், உறுப்புகள் நியாயமான விலையில் வெளிக்கடைக்காரருக்கும் கிடைத்தல் — இம்மூன்றையும் நாம் கோருகிறோம். ஐரோப்பாவில் ஒரு கம்பெனியால் தாங்கக்கூடிய பொறுப்பை இந்தியாவில் தாங்க முடியாது என்பது நமக்கு விளங்கவில்லை.

ராஜீய விஷயங்களில் உழைக்கும் நமது நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனங்கள் தங்கள் உரிமையைக் கேட்கப் பழகுவது தேர்தல் மேடையில் மாத்திரம் அல்ல. கடை வாயிலிலும் பழகவேண்டும். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை, ரசீதோடு வருபவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அதற்கு நிதி வேண்டாம், தலைவர் வேண்டாம். ஒரு மேஜையும் எழுதத் தெரிந்த ஒருவரும் போதும்.

தலையெழுத்து என்று சொல்லிப் போன அந்த வாலிபரின் பெயரையும் ஊரையும் நாம் கேட்டு வைக்கவில்லை. அது நமது பிழை. இதை அவர் வாசிக்க நேருமாயின் நாம் சொல்வது இதுவே: தம்பி, அந்தக் கெடுவை எழுதியது விதியன்று, ஒரு கம்பெனி. ரசீதைப் பத்திரமாக வைத்திரும். இன்றே ஒரு கடிதம் எழுதும். எழுதத் தயக்கமாயிருந்தால் நமது காரியாலயத்திற்கு வாரும். நாம் எழுதித் தருகிறோம்.